சனி, ஞாயிறுக்கு ஒரு கார் வேண்டுமா?

பெருநகரங்களில் வாழும் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கேட்க முடிகிறது: "கார் வாங்கிய பிறகு எங்காவது போகலாம்." இதைச் சொல்பவர்கள் கஞ்சர்கள் அல்லர், பயணத்தில் விருப்பமில்லாதவர்களும் அல்லர். பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பைகளுடன், அறிமுகமில்லாத ஓர் இடத்துக்குப் பேருந்திலும் ரயிலிலும் போவது இயலாத செயல் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் 'பிறகு' வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோரின் முழங்கால்கள் படியேற மறுக்கத் தொடங்கிவிடுகின்றன. சனிக்கிழமைகள் மளிகைக் கடையிலும் ஞாயிற்றுக்கிழமைகள் தொலைக்காட்சிக்கு முன்னாலும் கழிந்துபோகின்றன.

இந்த முடிவு தவறு என்பது என் கருத்து. சிற்றூர்களைப் பற்றி நான் பேசவில்லை. மாலை ஆறு மணிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் ஊர்களில் சொந்த வண்டியின் அருமை அங்கே வாழ்பவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பெருநகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு நாள் கழித்து வருவதற்குக் கார் தேவையில்லை; பல வேளைகளில் அது ஒரு சுமையே. எல்லா நகரங்களையும் ஒரே மூச்சில் பேசினால் எதையும் உருப்படியாகச் சொல்ல இயலாது என்பதால், மும்பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணி மாற்றத்தில் அங்கே சென்று மூன்றாண்டோ ஐந்தாண்டோ வாழும் தமிழர் பலர். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வேரூன்றியவர்களும் பலர். அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களுக்கும் கணக்கே இல்லை.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். எட்டு இலட்சம் ரூபாய் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.12,900 வரும். ஏழாண்டு முடிவில் வட்டியாக மட்டும் ரூ.2.8 இலட்சத்துக்கு மேல் செலுத்தியிருப்போம். அலுவலகத்துக்கு ரயிலில் போய்விட்டு, காரைப் பயணங்களுக்கென்றே வைத்திருக்கும் குடும்பம் மாதம் இருமுறை வெளியே போவதாகவே கொள்வோம். பெட்ரோல் போடும் முன்பே ஒவ்வொரு பயணத்தின் தலையிலும் ரூ.6,450 ஏறி அமர்ந்துவிடுகிறது. காப்பீடு, பராமரிப்பு, குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்துக்கான கட்டணம் ஆகியவை தனி. மாதம் இருமுறை வெளியே போகும் குடும்பங்கள் எத்தனை என்பதை வாசகர்களே தம் அக்கம்பக்கத்தை வைத்து மதிப்பிட்டுக்கொள்ளலாம். வாகனக் கடன் வழங்கும் வங்கியின் இதழிலேயே இதை எழுதுவது முறையா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் அன்றாடத் தேவைக்கும் கார் வாங்குபவரை நான் தடுக்கவில்லை. வார இறுதியைக் காரணம் காட்டி வாங்குபவரிடம்தான் பேசுகிறேன். அவர் அந்தக் காரணத்தை ஒருமுறை மறுபரிசீலனை செய்தால் வங்கிக்கும் நட்டமில்லை.

கார் வைத்திருப்பவர் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வழி தானாக அமையும் என்று நம்புகிறார். கார் இல்லாதவர் அந்த முறையையே பின்பற்றும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. படத்தில் பார்த்த ஓர் அருவியைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதற்கு எப்படிப் போவது என்று தேடி, மூன்று வண்டி மாறி, நான்காவதாக ஓர் ஆட்டோக்காரரிடம் மன்றாடித் திரும்புகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். தடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். அந்தத் தடத்தின் நிலையங்களிலிருந்து நடந்தோ ஒரே ஒரு வண்டி மாறியோ அடையக்கூடியவை எவை என்று பாருங்கள். மும்பையில் இதற்குக் குறைவே இல்லை. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்குப் புறப்பட்டது முதல், அந்த நகரமே தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்திருக்கிறது. மேற்குத் தடம், மத்தியத் தடம், துறைமுகத் தடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் கோடுகளாக வரைந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையன்று கோட்டைப் பகுதியை நடந்து பார்ப்பதற்கு ஈடான ஒரு பொழுதை நான் வேறெந்த இந்திய நகரத்திலும் கண்டதில்லை. வாரநாள்களில் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் வங்கிகளும் மூச்சு முட்ட வைக்கும் தெருக்கள் அன்று அமைதியாகக் கிடக்கும். பயணம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் தொடங்கட்டும். 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுப்பப்பட்ட அந்த நிலையத்தை வடிவமைத்தவர் பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 2004-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. நாள்தோறும் அதன் வழியே ஓடுபவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதன் வாயில்களையும் தூண்களையும் மயில், குரங்கு, இலை, கொடி எனச் செதுக்கி வைத்திருக்கும் சிற்பங்களைப் பார்க்க ஒரு விடுமுறை நாள் வேண்டியிருக்கிறது. அங்கிருந்து உதாத்மா சௌக், ஹார்னிமன் வட்டம், 1833-இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம் என்று நிழலிலேயே நடக்கலாம். பிறகு ஓவல் மைதானம். அதன் கிழக்குக் கரையில் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இராஜாபாய் கோபுரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோதிக் பாணியில் நிற்கின்றன. மேற்குக் கரையில் 1930-களின் ஆர்ட் டெகோ அடுக்குமாடி வீடுகள். இடையில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்த இரு வரிசைகளும் சேர்ந்தே 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. காரில் சென்றால் இவற்றில் ஒன்றைக்கூட முழுமையாகப் பார்க்க இயலாது. வண்டியை நிறுத்த இடம் தேடி அதே வட்டத்தை மூன்று முறை சுற்றிவர நேரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

களைத்துப்போனால் ஏறிக்கொள்ளப் பேருந்து இருக்கிறது. 1926 ஜூலையில் ஓடத் தொடங்கிய பெஸ்ட் பேருந்துகளின் வரிசையில் 2023 முதல் குளிரூட்டப்பட்ட மின்சார இரட்டை மாடிப் பேருந்துகளும் சேர்ந்துள்ளன. மேல்மாடியின் முன்வரிசையில் குழந்தையை உட்கார வைத்துவிட்டால் அதைவிடப் பெரிய சுற்றுலா அதற்குத் தேவையில்லை. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரையிலான 33.5 கிலோமீட்டர் நிலத்தடி மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, வானூர்தி நிலையமும் சித்திவிநாயகர் கோயிலும் கோட்டைப் பகுதியும் ஒரே தடத்தில் வந்துவிட்டன. தென்மும்பையில் ஆட்டோ ஓடுவதில்லை என்பதை வெளியூரிலிருந்து வருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும், அங்கே டாக்சிதான். 2025 பிப்ரவரியில் திருத்தியமைக்கப்பட்ட கட்டணப்படி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ரூ.31. நால்வர் ஏறிக்கொண்டால் ஆளுக்கு எட்டு ரூபாய்கூட ஆகாது.

ஓர் இரவு வெளியே தங்க விரும்புபவர்களுக்கு நான் மாத்தேரானைச் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் அச்சிற்றூரில் தனியார் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மும்பையிலிருந்து பளபளக்கும் காரில் வருபவரும் அதைத் தஸ்தூரி நாக்காவில் நிறுத்திவிட்டு, நம்மோடு சேர்ந்து செம்மண் பாதையில் நடக்க வேண்டியவரே. ஒருவருடைய கார் அங்கே அவருக்கு எதையும் பெற்றுத் தருவதில்லை. அது நிற்கும் இடத்துக்குக் கட்டணம் கட்ட வைப்பதைத் தவிர.

மத்தியத் தடத்தில் கர்ஜத் அல்லது கோபோலி செல்லும் புறநகர் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நேரல் நிலையம். இதில் ஒரு நுட்பம் உண்டு. கல்யாணைத் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா பக்கமும் மற்றொன்று கர்ஜத் பக்கமும் போகிறது. நிலையத்தின் மின்பலகையில் கர்ஜத் வண்டிக்கு 'எஸ்' என்ற எழுத்தும் கசாரா வண்டிக்கு 'என்' என்ற எழுத்தும் தெரியும். எழுத்தைக் கவனியாமல் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டால் வேறொரு மலையடிவாரத்தில் இறங்க நேரும். கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் ஆகியவற்றோடு நின்றுவிடும் வண்டிகள் நிறைய. நேரல் வரை போகும் வண்டிகளுக்கிடையே இடைவெளி அதிகம். ஆகவே நேர அட்டவணையைப் பார்த்தே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

நேரலிலிருந்து மலைமேல் ஏறும் இரண்டடி அகலத் தண்டவாளச் சிறு ரயில் 1904-க்கும் 1907-க்கும் இடையில் அமைக்கப்பட்டது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் தம் பணத்தைப் போட்டுக் கட்டிய தடம் அது. ஏறத்தாழ 21 கிலோமீட்டரை அது வளைந்து வளைந்து கடக்கும் அழகு பெரிது. ஆனால் அதையே நம்பித் திட்டமிடக் கூடாது. வண்டிகள் சில, இருக்கைகள் குறைவு, மழைக்காலத்தில் கீழ்ப்பகுதித் தடம் மூடப்பட்டிருக்கும். இடம் கிடைத்தால் பேறு என்று எண்ணிக்கொண்டு, கிடைக்காவிட்டால் நிலையத்துக்கு வெளியே நிற்கும் பங்கு டாக்சியில் தஸ்தூரி வரை ஏறிவிடலாம். அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள அமன் லாட்ஜ் நிறுத்தத்தில் மாத்தேரான் கடைவீதி வரை செல்லும் ரயில் கிடைக்கும். நடக்க முடிந்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. சார்லட் ஏரிக்கரையிலும் லூயிசா முனையிலும் ஒரு மாலைப் பொழுது போதும். எல்லா முனைகளையும் எண்ணிக்கை வைத்துப் பார்த்து முடிக்க வேண்டும் என்று புறப்படுபவர்கள் வீட்டுக்கு வந்து தூங்கத்தான் போகிறார்கள்.

கடலும் ஒரு சாலைதான் என்பதை மும்பைவாசிகளே மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் நுழைவாயிலிலிருந்து படகில் ஒரு மணி நேரம் சென்றால் எலிஃபண்டா தீவு. கல்லைக் குடைந்து எழுப்பிய அந்தக் குகைக் கோயிலின் மும்முகச் சிவனுக்கு முன் நிற்கும்போது, மாமல்லபுரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சொல்லித்தர வேறொருவர் தேவையில்லை. திங்கட்கிழமை விடுமுறை, வார இறுதியோடு திங்களையும் சேர்த்து விடுப்பு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இறங்குதுறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. அலிபாகுக்குப் போக விரும்பினால் அதே நுழைவாயிலிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு உண்டு. படகுச் சீட்டுடனேயே அங்கிருந்து அலிபாக் வரை பேருந்தும் சேர்த்துத் தருகிறார்கள். கடல் நீர் வடியும் வேளையில் கொலாபா கோட்டைக்கு மணலில் நடந்தே போய் வரலாம். இப்படகுகள் மழைக்காலத்தில் ஓடா. 2024 டிசம்பரில் எலிஃபண்டா படகு ஒன்றுக்கு நேர்ந்த கோர விபத்தை நாடே அறியும். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏற மறுப்பது கோழைத்தனம் ஆகாது. குழந்தைகளுக்குப் பொருந்தும் அளவில் அங்கி இருக்கிறதா என்று சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அறை சிறிதாக இருக்கலாம். நிலையத்திலிருந்து தொலைவில் இருக்கக் கூடாது. நகரின் ஓரத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும் விசாலமான அறை, அந்த ஐந்நூறையும் இரண்டு மணி நேரத்தையும் ஒவ்வொரு நாளும் திருப்பி வாங்கிக்கொள்ளும். மேற்குத் தடமும் மத்தியத் தடமும் சந்திக்கும் தாதர் பகுதி, கார் இல்லாதவருக்கு மிகப் பொருத்தம். பக்கத்திலேயே மாதுங்கா. காலையில் இட்லியும் வடிகாபியும் இல்லாமல் நகர மறுக்கும் பெரியவர்களை அழைத்து வருபவர்களுக்கு அதைவிட வேறு பரிந்துரை தேவையில்லை. அங்கேயுள்ள மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையத்தை 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தி வருகிறார்கள். வெளியூரிலிருந்து உறுதி செய்யப்பட்ட ரயில் சீட்டோடு வருபவர்கள் பெரிய நிலையங்களின் ஓய்வறைகளையும் இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கடைசி நாளில் அறையைக் காலி செய்துவிட்டுப் பைகளைச் சுமந்து அலைவது, பயணத்தின் இனிமை முழுவதையும் கெடுத்துவிடும். பெட்டியைப் பூட்டி நிலையத்தின் பொருள் காப்பறையில் ஒப்படைத்தால் கைவீசி நடக்கலாம்.

சீட்டு விஷயத்திலும் ஒரு வார்த்தை. மும்பைப் புறநகர் ரயில்களில் 1, 3, 5 நாள்களுக்கான சுற்றுலாச் சீட்டு உண்டு என்பது அங்கே இருபதாண்டு வாழ்ந்தவர்களுக்கே தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் 2019-இல் அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டை பல நகரங்களில் ஏற்கப்படுகிறது; உங்கள் ரூபே அட்டையிலேயே அவ்வசதி இருக்கக்கூடும், கிளையில் கேட்டுப் பாருங்கள்.

முதியவர்களை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்பதே எல்லோரும் எழுப்பும் வினா. எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், எழுபத்திரண்டு வயதில், இரு முழங்கால்களிலும் வலியோடு, இரண்டு நாள் மும்பையைச் சுற்றிப் பார்த்தார். நாளொன்றுக்கு ஓர் இடம் என்ற கட்டுப்பாட்டை அவரே விதித்தார். அலுவலக நேரத்தில் ரயிலைத் தொடுவதில்லை. காலையில் வடக்கு நோக்கியும் மாலையில் தெற்கு நோக்கியும், அதாவது கூட்டத்துக்கு எதிர்த்திசையில் மட்டுமே பயணம். படிகள் மிகுந்த இடத்தில் மற்றவர்கள் போய் வரட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே தேநீருடன் அமர்ந்துகொள்வது. எலிஃபண்டாவின் படிகளை அவர் ஏறவில்லை. படகுப் பயணமே தமக்குப் போதும் என்றார். முதியவர்களுக்கு வேண்டியது வீட்டு வாசலில் நிற்கும் கார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களைக் கேட்டால் கழிப்பறை எங்கே, உட்கார இடம் எங்கே என்ற இரண்டைத்தான் முதலில் கேட்பார்கள். நெரிசலில் மூன்று மணி நேரம் காரில் அடைந்திருப்பவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இதனால் பொதுப் போக்குவரத்தின் குறைகள் மறைந்துவிடுவதில்லை. மும்பையின் நடைமேம்பாலங்கள் இன்னும் பல இடங்களில் செங்குத்தான படிகளே. மின்தூக்கி இருக்கும் இடங்களிலும் அது நடைமேடையின் எந்த முனையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் பலகை இருப்பதில்லை. நடைபாதையைக் கடைகளும் வண்டிகளும் பங்கிட்டுக்கொண்ட பிறகு சக்கர நாற்காலிக்கு வழி ஏது? கார் வாங்க முடிந்தவர் இந்தக் குறைகளிலிருந்து விலகிக்கொள்கிறார். வாங்க முடியாதவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இருவரும் வராததால் குறையைச் சொல்வதற்கு ஆளில்லை.

எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது ஞாயிற்றுக்கிழமையின் நிலைதான். வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர் குடும்பத்தோடு வெளியே கிளம்பும் ஒரே நாளில் வண்டிகளைக் குறைத்துவிடுகிறார்கள். தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' என்று பகல் பொழுதின் நடுவே சில மணி நேரம் தடத்தை மூடுவதும் அதே நாளில்தான். பராமரிப்பு இன்றியமையாதது, இரவின் சில மணி நேரத்தில் எல்லாப் பணிகளையும் முடிக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் அலுவலகத்துக்குப் போகிறவர் மட்டுமே பயணி, குழந்தையோடு பூங்காவுக்குப் போகிறவர் பயணி அல்லர் என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. தடம் மூடப்படும் நேரத்தில் அந்தப் பகுதிக்கு மாற்றுப் பேருந்துகளை அதே சீட்டில் ஏற்பாடு செய்வது, மூடப்படும் தடங்களை ஒரு மாதத்துக்கு முன்பே அட்டவணையாக வெளியிடுவது ஆகிய இரண்டையாவது கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. இப்போது அறிவிப்பு ஓரிரு நாள் முன்னர்தான் கைக்கு வருகிறது. அறையைப் பதிவு செய்த பிறகு அதைப் படித்து என்ன பயன்?

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. வெள்ளிக்கிழமை மாலையே மறுநாள்களுக்கான தடை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மத்தியத் தடம் மூடப்பட்டால் மேற்குத் தடத்துக்கு மாறுங்கள். போரிவலியில் இறங்கினால் நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நடக்கும் தொலைவில் இருக்கிறது. அதனுள்ளே காட்டின் நடுவே கன்ஹேரிப் பௌத்தக் குகைகள் நூற்றுக்கும் மேல். வாயிலிலிருந்து குகைகள் வரை பேருந்து உண்டு. காலையிலேயே போய்விட்டால் வரிசை குறைவு. குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தின்பண்டப் பையைக் குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.